பார்லர் பாம்: வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிகம் கவனிக்கத் தேவையில்லாத செடி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் பார்லர் பாமைத்தான் சொல்வேன். மெக்சிகோவின் தென்பகுதி, குவாத்தமாலா காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளரும் குட்டிப் பனை வகைச் செடி அது. நிழலில் மெதுவாக வளர்வதால் தண்ணீரையும் மெதுவாகத்தான் குடிக்கும். பாசத்தில் தினமும் ஊற்றுவதுதான் பெரும்பாலான செடிகளைக் கொல்கிறது.

வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகிவிடும். வேர் அழுகிய செடியும் வாடித்தான் நிற்கும், தண்ணீர் இல்லாத செடியும் வாடித்தான் நிற்கும். வாடியிருக்கிறதே என்று மேலும் ஊற்றினால் அவ்வளவுதான். அதனால் ஓலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். மேலே ஓர் அங்குலம் காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக வடியும் வரை ஊற்றலாம். விரலில் ஈரமண் ஒட்டினால் இன்னும் சில நாள் பொறுங்கள். அழகுக்காகத் துளையில்லாத பீங்கான் தொட்டிக்குள் செடியை இறக்கி வைத்திருந்தால், அவ்வப்போது தூக்கிப் பாருங்கள். அடியில் தேங்கிய தண்ணீர் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

நிழல் தாங்கும் என்பதற்காக ஜன்னலே இல்லாத மூலையில் தள்ளிவிடுவதும் தவறு. உடனே சாகாது, ஆனால் புது ஓலை வருவது நின்றுபோகும். நேர் வெயிலும் ஆகாது, ஓலை வெளுத்துக் கருகும். ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால் சரி.

அப்புறம், கத்தரிக்கோல். உயரமாகிவிட்டது என்று உச்சியை மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள். தென்னைக்கு உள்ளது போல இதன் ஒவ்வொரு தண்டுக்கும் ஒரே குருத்துதான். அது போனால் பக்கத்தில் கிளைக்காது, அந்தத் தண்டே செத்துவிடும். கீழ் ஓலை மஞ்சளானதும் அவசரப்பட்டு நீக்க வேண்டாம். பழைய ஓலையில் இருக்கும் சத்தைச் செடி புது ஓலைக்கு இழுத்துக்கொள்ளும். முழுக்கக் காய்ந்த பிறகு வெட்டினால் போதும்.

ஓலை நுனி பழுப்பானால் சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தைக் கூட்டுகிறார்கள். பல நேரம் மண்ணில் சேர்ந்த உர உப்புதான் அதற்குக் காரணமே. வறண்ட காற்றாலும் அப்படி ஆகும். வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவு உரம் தாராளம்.

தொட்டி நிறையத் தண்டுகள் தெரிகிறதே என்று பிரித்து நடவும் ஆசைப்படாதீர்கள். அவை ஒரே செடியின் கன்றுகள் அல்ல, சேர்த்து நட்ட தனித்தனி நாற்றுகள். பின்னிக்கிடக்கும் வேரைப் பிரிக்கும்போது அறுந்து, பாதி நாற்றுகள் பிழைக்காமல் போகலாம்.

ஏசி அறையில் வைத்திருப்பவர்கள் ஓலையின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். மெல்லிய நூலாம்படையும் நுண்ணிய புள்ளிகளும் தெரிந்தால், செம்பேன் எனும் சாறு உறிஞ்சும் சிலந்திப்பேன் வந்துவிட்டது. தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். முட்டைகள் தப்பியிருக்கும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் கழுவ வேண்டும்.