ஐசியூவில் கிளெப்சியெல்லா: யாரிடமிருந்து யாருக்கு?

மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிளெப்சியெல்லா நிமோனியே பாக்டீரியா ஒரே ஐசியூவில் மூன்று பேருக்கு வந்திருக்கிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதா, தனித்தனியாக வந்ததா? கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் இதைச் சொல்லாது. கிருமியின் மரபணுத்தொகையைப் படிக்க வேண்டும்.

கல்ச்சர் பிளேட்டிலிருந்து ஒரே ஒரு காலனியை (ஒரே செல்லிலிருந்து வளர்ந்த கிருமிக் கூட்டத்தை) எடுத்து, மறுபடி கோடிழுத்து வளர்த்து, 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். மருந்தில்லாத பிளேட்டில் திரும்பத் திரும்ப வளர்த்தால் பிளாஸ்மிட் (எதிர்ப்பு மரபணுவைச் சுமக்கும் தனி டிஎன்ஏ வளையம்) கழன்றுபோகலாம். மாதிரி எடுத்த தேதி, வார்டு, படுக்கை எண் மூன்றையும் அன்றே குறித்துவிடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

கிருமியிலிருந்து பிரித்த டிஎன்ஏயின் அளவை, ஒளிரும் சாயத்தால் அளக்கும் கியூபிட் கருவியில் பாருங்கள். புற ஊதா ஒளியால் அளக்கும் நானோடிராப் கருவி ஆர்என்ஏவையும் சேர்த்து அளந்து கூட்டிக் காட்டும், அது தூய்மை பார்க்க மட்டும் (260/280 விகிதம் 1.8 அருகே).

இந்தக் கிருமிக்கு ஏறத்தாழ 55 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 50 முறை படிக்க (50 மடங்கு ஆழம்) 27.5 கோடி எழுத்துகள் வேண்டும். படித்த துண்டுகளை ஒன்றாகக் கோத்த பிறகு நீளம் 65 லட்சத்தைத் தாண்டினால் வேறு கிருமி கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சில சமயம் பிளேட்டில் மருந்து எதிர்ப்பு இருக்கும், மரபணு ரிப்போர்ட்டில் அதற்கான மரபணு இருக்காது. இந்தியாவில் பரவியுள்ள எஸ்டி231 (எஸ்டி என்பது மரபணு வரிசையை வைத்துப் பிரித்த வகை எண்) வகையில் இது அதிகம் படுத்தும். மெரோபெனம் போன்ற மருந்தைச் சிதைக்கும் அதன் ஓஎக்ஸ்ஏ-232 மரபணு வெறும் 6,100 எழுத்துள்ள குட்டி பிளாஸ்மிட் வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீண்ட துண்டுகளைப் படிக்கும் நானோபோர் கருவிக்கான லிகேஷன் கிட், டிஎன்ஏயின் முனையில்தான் அடாப்டரை (கருவி படிக்கத் தேவையான இணைப்புத் துண்டை) ஒட்டும். உடையாத வளையத்துக்கு முனை ஏது? ரேபிட் கிட் வளையத்தை வெட்டி ஒட்டுவதால் அது விடுபடாது. இல்லுமினா கருவி படித்த குட்டையான, துல்லியமான துண்டுகளையும் சேர்த்துக் கோப்பது இன்னும் நல்லது.

கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்கான கோலிஸ்டின் வேறு கதை. கிருமியின் சொந்த எம்ஜிஆர்பி மரபணு சிதைந்தாலே எதிர்ப்பு வரும். பிளாஸ்மிட்டில் வரும் எம்சிஆர் எதிர்ப்பு மரபணு இல்லை என்றதும் நிம்மதியாகிவிடாமல் பிராத் மைக்ரோடைலூஷனில் (மருந்தைப் படிப்படியாக நீர்த்த திரவத்தில் கிருமியை வளர்க்கும் முறையில்) சோதியுங்கள். மருந்து வில்லையை வைக்கும் டிஸ்க் சோதனையை நம்ப வேண்டாம், கோலிஸ்டின் பிளேட்டின் அகாரில் சரியாகப் பரவாது.

மூவரின் கிருமிகளையும் ஒப்பிடும்போது அதே எஸ்டி வகையின் மரபணுத்தொகையை ஆதாரமாக வைத்து, கப்பின்ஸ் மென்பொருளில் மறுசேர்க்கைப் பகுதிகளை (வேறு கிருமியிலிருந்து மொத்தமாக வந்து சேர்ந்த துண்டுகளை) நீக்கிவிட்டு, எழுத்து மாற்றங்களை எண்ணுங்கள். ஏறத்தாழ 20-25க்குள் இருந்தால் பரவல் என்று சந்தேகிக்கலாம். அது உறுதியான கோடு அல்ல. மூவரும் ஒரே நாட்களில் அங்கே இருந்தார்களா என்று பதிவேட்டைப் பாருங்கள்.

மாற்றம் ஆயிரக்கணக்கில் இருந்தும் மூவரிடமும் மெரோபெனத்தைச் சிதைக்கும் ஒரே என்டிஎம் மரபணு இருந்தால், பிளாஸ்மிட்டுகளை முழுதாகக் கோத்து ஒப்பிடுங்கள். அவையும் ஒன்றாக இருந்தால், பரவியது கிருமியல்ல, பிளாஸ்மிட்டாக இருக்கலாம். அப்போது கைகழுவும் சிங்க்கின் வடிகாலிலும் ஸ்வாப் எடுங்கள்.