நீண்டகாலத் திட்டத்தை அட்வான்ஸ் டாக்ஸ் நாட்களோடு இணையுங்கள்

தொழிலுக்காக வகுத்த ஐந்தாண்டுத் திட்டம் அலமாரியில் முடங்காதிருக்க, அதை மறுபார்வை செய்யத் தனி நாள் தேடாமல், அட்வான்ஸ் டாக்ஸ் (ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு முன்கூட்டியே தவணைகளில் செலுத்தும் வருமான வரி) தவணை நாட்களான ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகியவற்றை ஒட்டியே ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

இந்த நாட்களுக்குள் ஆண்டு வரியில் முறையே 15, 45, 75, 100 சதவீதம் செலுத்தியிருக்க வேண்டும் என்பதால், ஆண்டு லாபம் எவ்வளவு வரும் என்ற மதிப்பீட்டை ஆடிட்டரோடு உட்கார்ந்து எப்படியும் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு கையில் இருக்கும்போதே, மூலப்பொருள் விலை, வங்கி வட்டி, பெரிய வாடிக்கையாளரின் பங்கு என்று திட்டம் எழுதிய நாளில் நாம் நம்பியவை இன்னும் பொருந்துகின்றனவா என்பதையும் பார்த்துவிடலாம். தவணை தவறினால் வட்டி கட்ட நேரும் என்பதால் இந்த நாளை எளிதில் யாரும் தள்ளிப்போடுவதில்லை. ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: இலக்குகளோடு அந்த அனுமானங்களையும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள், இல்லையெனில் இலக்கு ஏன் தவறியது என்பதைப் பின்னர் கண்டறிய இயலாது.

விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தை உத்தேச லாபமாகக் காட்டி வரி செலுத்தும் சிறு வணிகர்களுக்கு மார்ச் 15 என்ற ஒரே தவணைதான் என்பதால் இந்த முறை பொருந்தாது. சிவகாசிப் பட்டாசு போல விற்பனை ஒரே பருவத்தில் குவியும் தொழில்களில் ஜூன், செப்டம்பர் மதிப்பீடுகளை நம்பித் திட்டத்தை மாற்றக் கூடாது. பட்டாசுத் தொழில் செய்பவர்கள் தீபாவளி முடிந்து வசூல் தெரிந்த பிறகு பார்ப்பதே சரி.