ஓதம் பிடித்த சுவரில் உருவம் பார்ப்பது எப்படி

ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் வர ஆரம்பித்தால் செங்கோட்டைப் பக்கம் பழைய சுண்ணாம்புச் சுவரெல்லாம் ஓதம் காத்துவிடும், அந்த ஓதத்தில் யானை, கிழவி, ஒற்றைக்கண் பூனை என்று என்னென்னவோ தெரியும். எனக்கு எதுவுமே தெரியவில்லையே என்பவர்களும் இருக்கிறார்கள். பழகினால் தெரியும்.

முதலில் மட்டை உரித்த தேங்காய் ஒன்றை எடுத்துக் குடுமியையும் பிய்த்துவிடுங்கள். மூன்று கண் இருக்கும். இரண்டு மேலே, ஒன்று கீழே வருகிற மாதிரி பிடித்தால் வாய் பிளந்து பார்க்கிற முகம். அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள், முகம் கலைந்துவிடும். மூளைக்கு அவ்வளவுதான் தேவை: மேலே இரண்டு புள்ளி, கீழே ஒன்று. முகம் அறியவென்றே மூளையின் அடிப்பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது, 1997-இல் நான்சி கேன்விஷரும் உடன் ஆய்வாளர்களும் அதற்குப் பெயர் வைத்தார்கள். முகச்சாயல் உள்ள வெறும் பொருளைப் பார்த்தாலும் அந்தப் பகுதி நொடியில் ஆறில் ஒரு பங்குக்குள் விழித்துக்கொள்வதை 2009-இல் அளந்து காட்டினார்கள். நாம் யோசிப்பதற்கு முன்பே முகம் வந்துவிடுகிறது. அதனால் தேடாதீர்கள், தேடினால் வராது.

அப்புறம் சுவருக்கு வாருங்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுகிற நேரம் நல்லது. ஆறடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடினால் சின்னச் சின்னப் புள்ளியெல்லாம் மறைந்து பெரிய கறை மட்டும் நிற்கும். அதில் கறுத்த ஜோடி ஒன்று எங்கே என்று மட்டும் பாருங்கள், அதுதான் கண்கள், மூக்கும் வாயும் தானாக வந்து சேரும். தெரிந்த உடனே பென்சிலால் ஒரு தாளில் கோடு போட்டுவிடுங்கள், நாளைக்கு அதே சுவரில் வேறொன்று இருக்கும். படம் வரையக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. கறை படிந்த சுவரை உற்றுப் பாருங்கள் என்று லியனார்டோ டா வின்சியே ஓவியர்களுக்கு எழுதி வைத்திருக்கிறார்.

மேகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், மலை மேல் அது நிற்கவே நிற்காது. பிள்ளைகளோடு பார்த்தால் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஒருத்தர் "யானை" என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் கண்ணுக்கும் யானைதான். நிலாவில் நமக்குப் பாட்டி வடை சுடுவது அப்படிச் சொல்லிச் சொல்லி வந்ததுதான், அதே கறையை முயல் என்று பார்த்து முயற்கறை என்றும் சொல்லியிருக்கிறோம். உண்மையில் அது பழைய எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளி. எல்லாரும் எழுதி வைத்துவிட்டு அப்புறம் காட்டிக்கொண்டால்தான் ஒவ்வொருவர் கண்ணும் எவ்வளவு வேறு என்பது தெரியும்.

தெரிந்ததை அழிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும், இது முக்கியம். என் அக்கா மகன் ஒரு ராத்திரி தூங்காமல் சுவரைக் காட்டி, "அது என்னையே பாக்கு மாமா" என்றான். ஒன்றுமில்லை, கண்ணை மூடு என்று நான் சொன்னது தப்பு, அவனுக்கு அது நிஜமாகவே தெரிகிறது. கண் எங்கே, வாய் எங்கே என்று அவனையே தொட்டுக் காட்டச் சொன்னேன், பிறகு டார்ச்சை நேராக அடிக்காமல் இடமும் வலமுமாக மாற்றி அடித்தேன். நிழல் நகர நகர முகம் போய்விட்டது. 1976-இல் வைக்கிங் 1 என்ற விண்கலம் செவ்வாயில் எடுத்த படத்தில் தெரிந்த பெரிய முகமும் சாய்ந்த வெயிலின் நிழல்தான். 1998-லும் 2001-லும் இன்னும் துல்லியமாக எடுத்த படங்களில் அது வெறும் குன்று. காலையில் கரித்துண்டைக் கொடுத்து அந்தக் கறைக்கு இரண்டு காதும் மீசையும் போட வைத்தேன், பூனையாகிவிட்டது. அன்றிலிருந்து அதன் பக்கமாகத்தான் தலை வைத்துப் படுக்கிறான்.

எதைச் செய்வதாக இருந்தாலும் பொங்கலுக்கு முன்னால் செய்துவிடுங்கள். வெள்ளையடித்துவிட்டால் அடுத்த சாரல் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.