கையில் போட்ட தையலும் கையால் போடும் தையலும்

ஊசி விரலிடுக்கில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைக்கு வந்தபிறகுதான் நான் டாக்டரிடம் போனேன். முப்பது வருஷமாகத் தையல் தொழில். டாக்டரிடம் போவதற்கு முந்தைய ஒரு வருஷமாகவே ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வலது கையை உதறிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போகும். சுண்டுவிரல் மட்டும் எப்போதும் நன்றாக இருக்கும். நரம்புப் பரிசோதனை செய்து, கார்ப்பல் டனல், அதாவது மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கோளாறு என்று சொல்லி, அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்கள். அதே மாதிரி கையில் தேதி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்ன செய்யப்போகிறார்கள் என்று புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மணிக்கட்டில் எலும்புகளுக்கு மேலே அழுத்தமான ஒரு தசைநார்ப் பட்டை இருக்கிறது. அதற்கும் எலும்புக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் போகின்றன. இடம் போதாமல் நரம்பு நசுங்குகிறது. அந்தப் பட்டையை வெட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். இறுக்கமான கைப்பட்டையைப் பிரித்துவிடுவது மாதிரி. ஆனால் நாங்கள் பிரித்த இடத்தில் உடனே ஒட்டுத்துணி வைத்துத் தைத்துவிடுவோம். இங்கே உடம்பே மெதுவாக ஒட்டுப்போட்டுக்கொள்கிறது. அது கெட்டிப்படும்வரை கையை முரட்டுத்தனமாக இழுத்து வேலை வாங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

போவதற்கு ஒரு வாரம் முன்பே மற்றக் கையால் பல் துலக்கிப் பழகுங்கள். கழுவிக்கொள்வதையும் பழகுங்கள், யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் முதல் நாள் சிரமம் அதில்தான். கொக்கி, பட்டன் இல்லாத தொளதொள உடைகள் நாலைந்து எடுத்து வையுங்கள். (ஊருக்கே கொக்கி தைத்துக் கொடுத்தவள், ஒரு கொக்கியைக்கூட மாட்ட முடியாமல் மகளைக் கூப்பிட்டேன்.) மோதிரம், வளையலை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். மாத்திரைப் பட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்க இரண்டு கை வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு ராத்திரிதான் தெரிந்தது.

கைக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலி அவ்வளவாக இல்லை என்று நினைத்து, அன்று மத்தியானம் வீட்டில் கையைத் தொங்கவிட்டபடி நடமாடிவிட்டேன். சாயங்காலம் விரல்கள் வீங்கி, மடக்கவே வரவில்லை. ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் கை இதயத்தைவிட உயரத்தில் இருக்கட்டும். உட்கார்ந்தால் இரண்டு தலையணை மேல், படுத்தால் நெஞ்சின் மேலோ பக்கத்தில் அடுக்கிய தலையணை மேலோ. கழுத்தில் தூளி கட்டிக் கையை நாள் முழுக்க அசையாமல் தொங்கவிடாதீர்கள், தோள் இறுகிவிடும். மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் இறங்குவதற்கு முன்பே டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள்.

வீக்கத்துக்கு அடுத்த மருந்து விரல் அசைவு. கட்டு போட்டிருந்தாலும் விரல்கள் வேலை செய்யலாம், செய்யத்தான் வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: விரல்களை நேராக நீட்டுங்கள். உள்ளங்கை அசையாமல் விரல் நுனிகளை மட்டும் கொக்கி மாதிரி மடக்குங்கள். மறுபடி நீட்டி, முழுசாக முஷ்டி பிடியுங்கள், இறுக்காமல். மறுபடி நீட்டி, விரல்களை அடியிலிருந்து நேராக மடித்து மேசை மாதிரி நிறுத்துங்கள். கடைசியாகக் கட்டைவிரலால் மற்ற நாலு விரல் நுனியையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஐந்து பத்து தடவை போதும். முழங்கையையும் தோளையும் சேர்த்து அசைத்துவிடுங்கள்.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை கட்டு நனையக் கூடாது. குளிக்கும்போது பிளாஸ்டிக் பையை மாட்டி முழங்கைக்குக் கீழே கட்டிக்கொள்ளுங்கள். பிரித்த பிறகும் காயம் நன்றாக மூடும்வரை தொட்டித் தண்ணீரில் ஊறவிடாதீர்கள்.

என்னைக் குழப்பியது அதற்கப்புறம் வந்த கட்டம். மூன்றாவது வாரம் தழும்பு அழகாக மூடிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் 'சரியாகிவிட்டதே' என்றார்கள். நானும் நம்பி, மேசையில் உள்ளங்கையை ஊன்றி எழுந்தேன். உயிர் போய்வந்தது. தழும்பில் இல்லை அந்த வலி; அதற்கு இரண்டு பக்கமும், உள்ளங்கையின் அடிமேட்டில். ஏதோ தவறாகிவிட்டது என்று பயந்து போனபோது, தூண் வலி என்று இதற்குப் பெயரே இருக்கிறது என்றார் பிசியோதெரபிஸ்ட். பட்டை அறுந்ததும் இரண்டு கரையும் புதுவிதமாகப் பாரம் தாங்கிப் பழகவேண்டியிருக்கிறதாம். நிறையப் பேருக்கு வரும். மூன்று மாதம்வரைகூட இழுக்கும், சிலருக்கு இன்னும் கொஞ்சம். எனக்குப் பதினோரு வாரம். அதுவரை கையை ஊன்றாமல் முன்கையை ஊன்றி எழுவேன்.

காயம் முழுசாக மூடியபிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு தழும்பைத் தேய்த்துவிட ஆரம்பியுங்கள். வாசனையில்லாத கிரீம் கொஞ்சம், மற்றக் கைக் கட்டைவிரலால் அழுத்திச் சின்னச் சின்ன வட்டமாக, ஐந்து நிமிஷம், நாளைக்கு மூன்று நாலு தடவை. தழும்பு அடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குத்தான் இது. தொட்டாலே கூசினால் வேறுவேறு துணியால் தடவிப் பழக்கலாம். என்னிடம் வெட்டுத்துணிக்கா பஞ்சம்? பட்டில் ஆரம்பித்து, வாயல் துணி, பருத்தி, கடைசியில் ஜீன்ஸ் துணிவரை வந்தேன்.

நரம்பின் கணக்கு வேறு. ராத்திரி எழுப்பும் வலி முதல் சில நாளிலேயே போய்விட்டது. அந்தத் தூக்கத்துக்காகவே இன்னொரு தடவை கையை நீட்டலாம். மரமரப்போ மாதக்கணக்கில் இழுக்கலாம். நசுங்கிப் பழுதான நரம்பு இழை நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து பார்த்தேன், அதற்கப்புறம் அவசரப்படவில்லை. ரொம்ப நாள் விட்டுவிட்டவர்களுக்கு, கட்டைவிரலின் அடியிலுள்ள சதை வற்றிப் போனவர்களுக்கு, முழுசாகத் திரும்பாமலும் போகலாம். என்னைப்போல ஒரு வருஷம் உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றி. ஸ்பூன், சீப்பு, பேனா, போன் எல்லாம் முதல் வாரத்திலேயே லேசாகச் செய்யலாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போகிறவர்கள் உண்டு. பாரம் தூக்குகிறவர்களுக்கும் அதிரும் கருவி பிடிக்கிறவர்களுக்கும் 6 முதல் 12 வாரம் ஆகலாம். வண்டி ஓட்டுவதற்கு நாள் கணக்கு பார்க்காதீர்கள்; திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டி வந்தால் வலிக்காமல் ஒடிக்க முடியுமா, மயக்கம் தரும் மாத்திரை ஏதும் போட்டிருக்கிறோமா என்று பாருங்கள். துணி பிழிவது, இறுகிய மூடியைத் திறப்பது இரண்டும் கடைசி. பிடியும் முறுக்கும் சேர்ந்து வருவதால் எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

நான் நாலாவது வாரம் மெஷினில் உட்கார்ந்தேன். தைப்பது சுலபம். கத்தரிக்கோல்தான் கூடவில்லை, அதன் பிடி சரியாகத் தழும்பின்மேல் வந்து உட்கார்ந்தது. பிடிக்குப் பஞ்சு சுற்றினேன், பெரிய துணி வெட்டுவதை மகளிடம் விட்டேன், இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்தேன். ராத்திரி கை வீங்கியிருந்தால் மறுநாள் வேலையைக் குறைத்துவிடுவேன்.

காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ், காய்ச்சல், விரல்கள் புதிதாக மரத்துப்போவது, மாத்திரைக்கு அடங்காமல் நாளுக்கு நாள் ஏறும் வலி, கை முழுக்க எரிச்சலும் தோல் பளபளத்து நிறம் மாறுவதும் — இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட்வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

ஐந்தாவது மாதம் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு டப்பாவுக்குள் கையை விட்டேன். பட்டன், கொக்கி, பாபின், அப்புறம் சுருக்கென்று ஊசி. குத்திய இடத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். இடது கைக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. இந்தத் தடவை பல் துலக்கப் பழகவேண்டியதில்லை. மாத்திரையைப் பிதுக்கத்தான் மகள் வேண்டும்.