நீள்வில்லில் அம்பு அமரும் படியை எவ்வளவு ஆழமாக வெட்டுவது?

என் அமெரிக்கப் பாணி நீள்வில்லில் அம்புகள் எல்லாம் இடப்பக்கமே போயின. நான் வலக்கைக்காரன், அப்படியானால் அந்த வில்லுக்கு அம்பின் விறைப்பு அதிகம். வளைந்து கொடுக்கும் அம்பு வாங்கலாம்தான். கைப்பிடியில் மரம் தாராளமாக இருந்ததால், படியின் பக்கச்சுவரை அரத்தால் உள்நோக்கித் தேய்த்தேன். கொஞ்சம் தேய்ப்பது, எய்து பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. வில்லின் நடுக்கோட்டுக்கு இன்னும் 3 மி.மீ. இருக்கும்போதே நிறுத்திவிட்டேன். இன்னும் வெட்டினால் விறைப்பான அம்பும் ஒத்துப்போகும், ஆனால் கைப்பிடி பலவீனமாகும். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த விற்களில் படியே கிடையாது, அம்பு கைமேல்தான் ஓடும்! என் வில்லில் தேய்த்து முடித்ததும் அம்பு லேசாக வலப்பக்கம் ஒதுங்கியது. சுவரில் மெல்லிய தோல் ஒட்டியதும் சரியாகிவிட்டது.