உயர்தர உயிரியல்: புள்ளித்திட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வினாத்தாள் செய்யாதீர்கள்

இலங்கையின் க.பொ.த. உயர்தர உயிரியலுக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றும் மாணவர்களின் பயிற்சி விடைகளைச் சில வருடங்களாகத் திருத்தி வருகிறேன். ஒவ்வொரு வருடமும் வருகின்ற புதிய பிள்ளைகளிடம், நான் முதல் தடவை பரீட்சைக்குத் தோற்றியபோது செய்த பிழைகளையே மீண்டும் காண்கிறேன். நேரத்துக்குப் படிப்பது, பாடத்திட்டத்தை முடிப்பது ஆகியவற்றை எல்லோரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விடையைப் பார்த்துக்கொண்டே வினாத்தாள் செய்தல்

முதல் தடவை தோற்றுவதற்கு முன், பத்து வருட வினாத்தாள்களை முடித்துவிட்டேன் என்று நம்பியிருந்தேன். உண்மையில் நான் செய்தது, வினாவை வாசிப்பதும், பக்கத்தில் விரித்து வைத்த புள்ளித்திட்டத்தில் (எந்தக் கருத்துக்கு எத்தனை புள்ளி என்று காட்டும் விடைக் குறிப்பில்) விடையை வாசிப்பதும், "இது தெரியும்" என்று அடிக்கோடிட்டு அடுத்ததற்குப் போவதும்தான். பரீட்சை மண்டபத்தில் சிறுநீரகம் பற்றிய கட்டுரை வினாவைக் கண்டபோது ஒவ்வொரு சொல்லும் பழக்கமானதாகத் தெரிந்தது. ஆனால் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் எழுத வரவில்லை. அந்தப் பாடத்துக்கு சி தான் கிடைத்தது, இன்னொரு வருடம் அதற்குச் செலவாயிற்று.

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது இந்தப் பிழைதான், ஏனென்றால் கெட்டிக்காரப் பிள்ளைகளே இதை அதிகம் செய்கிறார்கள். அண்மையில் ஒரு மாணவர், சிறுநீர் உருவாகும் முறையை விவரிக்கும் விடையில் "கலன்கோளத்தில் குருதி வடிகட்டப்பட்டுச் சிறுநீர் உருவாகிறது" என்று எழுதி, தனக்குத் தானே முழுப் புள்ளி இட்டிருந்தார். கலன்கோளம் என்னும் நுண்குழாய்த் திரளுக்குக் குருதியைக் கொண்டுவரும் உட்காவு புன்னாடியின் விட்டம், அதைக் கொண்டுசெல்லும் வெளிக்காவு புன்னாடியினதைவிடப் பெரிது என்பதோ, அதனால் கலன்கோளத்தில் குருதியமுக்கம் உயர்கிறது என்பதோ, நீரும் சிறிய கரையங்களும் அதைச் சூழ்ந்துள்ள போமனின் உறைக்குள் செல்ல, குருதிக் கலங்களும் முதலுருப் புரதங்களும் தங்கிவிடுகின்றன என்பதோ அவருடைய தாளில் இல்லை. வடிதிரவம் இன்னும் சிறுநீர் ஆகவில்லை, மீளவகத்துறிஞ்சலும் (தேவையானவை குருதிக்குத் திரும்புதல்) சுரத்தலும் நடைபெற வேண்டும் என்பதும் இல்லை. கேட்டபோது, "அதெல்லாம் மனதில் இருந்தது சேர்" என்றார். திட்டம் திறந்திருக்கும்போது நாம் எழுதியதற்கு அல்ல, நினைத்ததற்குப் புள்ளி போட்டுக்கொள்கிறோம்.

கட்டுரை வினா ஒன்றுக்கு 150 புள்ளிகள். ஒரு கருத்துக்கு 4 புள்ளிகள் என்று கொண்டால், முழுப் புள்ளிக்கு 37 அல்லது 38 தனித்தனிக் கருத்துகள் தாளில் இருக்க வேண்டும். ஆகவே திட்டத்தை மூடிவைத்து, 25 நிமிடங்களில் எழுதி, மறுநாள் வேறு நிறப் பேனாவால் தாளில் உள்ள சொற்களுக்கு மட்டும் புள்ளியிடுங்கள். பக்கங்களை அல்ல, கருத்துகளை எண்ணுங்கள். தவறிய கருத்துகளை ஒரு கொப்பியில் குறித்து, ஒரு கிழமை கழித்து அந்த வினாவை மீண்டும் எழுதுங்கள்.

இன்னொன்று: புதிய பாடத்திட்டத்தின் முதல் பரீட்சை 2019 இல் நடைபெற்றது. அதற்கு முந்திய புள்ளித்திட்டங்களை, தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலுடன் ஒப்பிடாமல் மனனம் செய்வது இரட்டை நட்டம்.

அமுக்கமும் அழுத்தமும்

நமது பாடத்தில் அமுக்கம் (pressure) வேறு, அழுத்தம் (potential) வேறு. நீரழுத்தம் என்பது கரைய அழுத்தத்தினதும் அமுக்க அழுத்தத்தினதும் கூட்டுத்தொகை. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் காணொளிகளிலும் "அழுத்தம்" என்பது நாம் அமுக்கம் என்று சொல்வதைக் குறிக்கும் என்பதால், இரண்டையும் கலந்து படிப்பவர்கள் வரைவிலக்கணத்திலேயே சறுக்குகிறார்கள். மறைக்குறியும் பலரை விழுத்துகிறது. நீரழுத்தம் −0.2 மெகாபாஸ்கல் உள்ள கலத்திலிருந்துதான் −0.7 மெகாபாஸ்கல் உள்ள கலத்துக்கு நீர் செல்லும். எண் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காகத் திசையை மாற்றி எழுதாதீர்கள்.

41 முதல் 50 வரையான பல்தேர்வு வினாக்கள்

இவை ஒவ்வொன்றிலும் ஐந்து கூற்றுகள் உண்டு; சரியான கூற்றுகளின் சேர்க்கையைப் பொறுத்து விடை இலக்கம் அமையும். ஏ, பி, டி சரியென்றால் 1. ஏ, சி, டி என்றால் 2. ஏ, பி மட்டும் என்றால் 3. சி, டி மட்டும் என்றால் 4. வேறு எதுவாயினும் 5. ஒரு கூற்றை மட்டும் பார்த்து விடையை ஊகிக்காதீர்கள், ஐந்து கூற்றுகளையும் தனித்தனியே தீர்த்த பின்னரே குறியிடுங்கள்.

வரிப்படம்

கேட்காத இடத்தில் வரையாதீர்கள்.

விஞ்ஞானப் பெயர்

கையால் எழுதும்போது சாதிப் பெயரையும் இனப் பெயரையும் வெவ்வேறாக அடிக்கோடிடுங்கள்.

இரண்டாம் வினாத்தாளின் நேரம்

மூன்று மணித்தியாலங்களில் அமைப்புக் கட்டுரை (தாளிலேயே தரப்பட்ட இடத்தில் விடை எழுதும் வினா) நான்கும், ஆறு கட்டுரை வினாக்களில் நான்கும் எழுத வேண்டும்; முன்னவற்றுக்கு 400 புள்ளிகள், பின்னவற்றுக்கு 600. புள்ளிக் கணக்குப்படி அமைப்புக் கட்டுரை ஒன்றுக்கு 18 நிமிடங்கள், கட்டுரை ஒன்றுக்கு 27 நிமிடங்கள். பிடித்த தலைப்பு வந்துவிட்டதென்று முதற் கட்டுரையில் 45 நிமிடங்கள் செலவிடுபவர், நான்காவது கட்டுரையை முடிக்காமலே தாளைக் கட்டுவார். மேலதிக வாசிப்பு நேரமாகத் தரப்படும் 10 நிமிடங்களில், தலைப்பைப் பார்த்து அல்லாமல், ஒவ்வொரு கட்டுரையின் உபபகுதிகளையும் வாசித்து எதற்குக் கூடுதலான கருத்துகள் எழுத முடியும் என்று எண்ணி நான்கைத் தெரிவுசெய்யுங்கள்.