ஒருநாள் விட்டு ஒருநாள்: மனச்சோர்வு மாத்திரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மருந்தகத்துக்கு ஆண்டுதோறும் பயிற்சிக்கு இளைஞர்கள் வருகிறார்கள். மனச்சோர்வு மாத்திரைக்கான சீட்டைப் படிப்பதிலோ, எண்ணி எடுத்துக் கொடுப்பதிலோ அவர்கள் பிசகுவதில்லை. மாத்திரையைக் கொடுத்த கையோடு சொல்லும் இலவச ஆலோசனையில்தான் கோளாறு. எங்கள் தலைமுறை சொன்ன அதே தப்பான ஆலோசனைகள், ஒரு சொல் மாறாமல். சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், மது கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது

இதைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

வங்கி ஊழியர் ஒருவர் பராக்ஸடின் 25 மி.கி. தினமும் சாப்பிட்டு வந்தார். நன்றாகத் தேறியிருந்தார். "இனிப் பாதியாகக் குறைக்கலாம்" என்று டாக்டர் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அது மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் வகை மாத்திரை, உடைக்கக் கூடாது. முகப்பில் நின்ற பையனுக்கு அது தெரிந்திருந்தது. "உடைக்காதீர்கள் சார், ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். கணக்கு சரியாகிவிடும்" என்றான்.

வாரக் கணக்குக்குச் சரிதான். ரத்தத்தின் கணக்கு வேறு. பராக்ஸடின் ஏறத்தாழ ஒரு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். இரண்டு நாள் இடைவெளி விட்டால், அடுத்த மாத்திரை விழுவதற்குள் கால் பங்குகூட மிஞ்சாது. அளவைக் குறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு நாள் முழு மருந்தும் மறுநாள் பட்டினியுமாக மூளையை அலைக்கழிப்பதுதான் இது.

அவருக்கு நடந்ததும் அதுதான். மாத்திரை போடாத நாளில் தலைசுற்றல், குமட்டல், வீட்டில் காரணமில்லாத கோபம். கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் தலைக்குள் 'சுரீர்' என்று ஷாக் அடித்ததுபோல் ஓர் உணர்வு. முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போனார். தலைசுற்றலுக்கு பீட்டாஹிஸ்டின் எழுதினார்கள். பிறகு தலைக்கு ஸ்கேன். அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் இன்னொரு டாக்டர், பழைய நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டி, முன்பு சாப்பிட்டதைவிட அதிக அளவு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடுதான் எங்களிடம் திரும்பி வந்தார். கூட வந்த மனைவி சொன்ன ஒரே வாக்கியத்தில் எல்லாம் விளங்கிவிட்டது: "தம்பி, மாத்திரை போடும் நாளில் இவருக்கு ஒன்றுமே இல்லை."

முதலில் பார்த்த டாக்டரிடமே திருப்பி அனுப்பினோம். அவர் பழையபடி தினமும் 25 கொடுத்து நிலைப்படுத்தினார். பிறகு அதே வகையில் 12.5 மி.கி. மாத்திரைக்கு மாற்றினார், அதுவும் தினமும். அந்த 12.5 எங்கள் அலமாரியிலேயே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். பையன் டாக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

ஃப்ளூஆக்ஸடின் மட்டும் விதிவிலக்கு. அதுவும் அதிலிருந்து உடலில் உருவாகும் பொருளும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தங்கும். வென்லாஃபாக்சின் அதற்கு நேர்மாறு. ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிந்துவிடும்.

நிறுத்தியதால் வரும் தொல்லையை நோய் என்று நினைப்பது

அளவைக் குறைத்த சில நாட்களுக்குள் தொடங்கினால், தலைசுற்றலும் ஷாக் உணர்வும் கூட இருந்தால், மாத்திரையைத் திரும்பப் போட்டதும் ஓரிரு நாளில் அடங்கினால், அது பெரும்பாலும் மருந்து விலகுவதன் தொல்லை. நோய் திரும்புவதென்றால் பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல வரும். திரும்பாது என்றும் சொல்வதற்கில்லை: 2021இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், நீண்டகாலம் சாப்பிட்டுத் தேறியவர்களில் மருந்தை நிறுத்திய 56 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு யாரும் அரண்டுபோக வேண்டாம். 2024இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேர் ஏதோ ஒரு தொல்லையைச் சொன்னார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலேயே 17 சதவீதம் பேர் சொன்னார்கள்! கடுமையான தொல்லை ஏறக்குறைய 35 பேரில் ஒருவருக்கு.

கடைசி 5 மில்லிகிராமை அலட்சியம் செய்வது

இருபதிலிருந்து பத்து, பத்திலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து பூஜ்யம் என்று இறங்குவது பார்வைக்கு நியாயமாகத் தெரியும். ஆனால் சிட்டலோபிராம் 20 மி.கி. மூளையில் தான் பற்றிக்கொள்ள வேண்டிய இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்து வைக்கிறது, 5 மி.கி.கூடச் சுமார் 60 சதவீதத்தைப் பிடிக்கிறது. மாடிப்படியில் கடைசிப் படி மட்டும் ஆளுயரம் இருந்தால் எப்படி இறங்குவது? மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 2019இல் இதை விரிவாக எழுதினார்கள். அளவு சிறிதாகச் சிறிதாக, குறைப்பும் சிறிதாக வேண்டும். நீண்டகாலம் சாப்பிட்டவருக்கு இதற்கு மாதங்கள் ஆகலாம். "இவ்வளவு சின்ன அளவு என்ன செய்துவிடப் போகிறது" என்று முகப்பில் நின்று சிரிக்காதீர்கள்.

ஒரு மாத்திரைக்குள் இரண்டு இருப்பதைக் கவனிக்காதது

நம் ஊரில் மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராமும் பதற்றத்தைத் தணிக்கும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது சர்வ சாதாரணம். பெயரோடு ஒட்டியிருக்கும் ஒரு குட்டிச் சொல்தான் அடையாளம். தூக்கம் நன்றாக வருகிறதே என்று மாதக்கணக்கில் சாப்பிட்டு, ஊருக்குப் போகும்போது அட்டையை மறந்துவிட்டுப் போனால் இரண்டு மருந்துகளும் ஒரே நேரத்தில் நிற்கும். குளோனசெபாமைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

வென்லாஃபாக்சின், டுலோக்ஸடின் காப்ஸ்யூல்களை நசுக்குவது

கூடாது.

மற்றவர் எழுதிய மருந்தைச் சேர்த்துப் பார்க்காதது

வலிக்கான டிராமடால், கிருமித்தொற்றுக்கான லினசோலிட், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் சிரப்: இந்த மூன்றில் எது மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தாலும், மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனினை எல்லை மீறச் செய்யலாம். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

முதல் வாரங்களில் தனியே விடுவது

பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். குமட்டலும் படபடப்பும் முதல் வாரமே வந்துவிடும். 24 வயது வரையுள்ளவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்து நிர்வாகம் கட்டமிட்டு அச்சிட வைத்திருக்கிறது. பிள்ளை இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டே இருந்தால், தூக்கம் போய்விட்டால், அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். இரவானாலும் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416 இருக்கிறது.

பாலுறவுச் சிக்கலைக் கேட்காமல் விடுவது

நோயாளி தானாகச் சொல்ல மாட்டார். சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுவார்.

வயதானவரின் தடுமாற்றத்தை வயதின் தலையில் கட்டுவது

ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பெரியவருக்கு எஸ்சிட்டலோபிராமோ செர்ட்ராலினோ சேர்ந்தால், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடலாம். சில வாரங்களில் சோர்வு, குழப்பப் பேச்சு, கால் இடறி விழுதல். வீட்டார் மறதி நோய் என்பார்கள். மாத்திரை எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேளுங்கள். சோடியம் பரிசோதனைக்கு உடனே டாக்டரிடம் அனுப்புங்கள்.